வார இறுதியில் தோட்டத்துக்குப் போகும் பல்கலைக்கழகப் பிள்ளைகள்: தடுக்கலாமா, விடலாமா?

கேள்வி, பிப்ரவரி 8, 2025 (மலேசியா, பேராக் மாநிலம், பாகான் செராய் வாசகர் ஒருவர்)

மகள் கணக்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சனிக்கிழமை ஆனால் கூட்டாளிகளோடு சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போய்த் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள். போன செமஸ்டரில் பாயிண்டர் (மதிப்பெண் சராசரி) இறங்கிவிட்டது. வேலை கிடைத்த பிறகு சேவை செய், இப்போது படி என்றேன். அதற்குப் பிறகு என்னோடு சரியாகப் பேசுவதில்லை. நான் சொன்னதில் என்ன தப்பு?

பிப்ரவரி 8, இரவு

அண்ணே, தடுக்காதீர்கள். இப்போதைக்கு இதை மட்டும் சொல்கிறேன், நாளை விவரமாக எழுதுகிறேன். நான் சுங்கை சிப்புட்காரி, இடைநிலைப்பள்ளி ஆசிரியை. டவுனிலிருந்து உள்ளே போகும் ஒரு தோட்டத்தில், மூடிக் கிடந்த பழைய ஆயாக் கொட்டகையில் (தாய்மார் வேலைக்குப் போனபோது குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட இடம்) சனிக்கிழமை வகுப்பு நடக்கிறது. அதைப் பார்த்துக்கொள்கிறவர்களில் நானும் ஒருத்தி. உங்கள் மகள் வருவது எங்களிடமா வேறு இடத்துக்கா, தெரியாது. எங்கே போனாலும் அவளிடம் ஒன்று கேளுங்கள்: வருகிற சனிக்கிழமை நீ போகாவிட்டால் அங்கே உன்னை யார் தேடுவார்கள்? பெயர் சொல்லிப் பதில் வந்தால் அவள் அங்கேயும் படித்துக்கொண்டுதான் இருக்கிறாள். ஒரு பெயரும் வராவிட்டால் அப்போது பாயிண்டரைப் பற்றிப் பேசுங்கள்.

பிப்ரவரி 9

நேற்று ஏன் அந்தக் கேள்வியைச் சொன்னேன் என்று விளக்குகிறேன்.

அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார், அம்மா களை எடுத்தார். நான் லயத்து வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளருக்கான வரிசை வீட்டில் வளர்ந்தவள். பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகத்தில் படித்தபோது சீனியர் அக்காமார்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் செபராங் பிறை பக்கம் ஒரு தோட்டத்துக்குக் கூட்டிப் போவார்கள். எனக்குத் தோட்டம் தெரியாதா என்ற எண்ணத்தோடுதான் போனேன். ஒரு நாள் வகுப்பு முடியும் நேரத்தில் ஓர் அம்மா ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். மலாயில் இருந்தது. அவர் வீட்டுக்காரருக்கு வயதாகிவிட்டது, வேலையிலிருந்து ஓய்வு, ஆகவே வீட்டைக் காலி செய்ய வேண்டும், இன்ன தேதிக்குள். படித்துத் தமிழில் சொன்னேன். அந்த அம்மா அழவில்லை. ‘சரிம்மா, இப்ப நாங்க என்ன செய்யணும்?’ என்று கேட்டார்.

கடிதத்தின் ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. ஆனால் பதிலுக்கு யாருக்கு எழுதுவது, தொழிலாளர் துறைக்குப் போவதா சங்கத்துக்குப் போவதா, போனால் என்ன தாளைக் கையில் எடுத்துக்கொண்டு போவது, ஒன்றுமே தெரியவில்லை. என் அப்பாவும் இன்னும் சில வருஷத்தில் அதே கடிதத்தை வாங்கப் போகிறவர். அந்த வாரம் நூலகத்தில் நான் உட்கார்ந்த மாதிரி எந்தத் தேர்வுக்கும் உட்கார்ந்ததில்லை. அடுத்த ஞாயிறு அந்த அம்மா வாசலில் நிற்பார் என்று தெரியும். அதனால் உட்கார்ந்தேன்.

நான் ‘யார் தேடுவார்கள்’ என்று கேட்கச் சொன்னது இதற்காகத்தான். விரிவுரையாளர் கேட்கும் கேள்விக்குத் தெரியாது என்றால் மதிப்பெண் போகும், அத்தோடு முடிந்தது. தோட்டத்தில் ஒருவர் கேட்டதற்குப் பதில் தெரியாவிட்டால் அந்த வாரம் முழுக்க அவர் முகம் கூடவே வரும்.

பிப்ரவரி 12

தைப்பூசம் முடிந்து இன்னும் கால் வலி. ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலில் எங்கள் தோட்டத்தார் தண்ணீர்ப் பந்தல் போட்டார்கள், பல்கலைக்கழகப் பிள்ளைகள் உதவிக்கு வந்தார்கள். நிர்வாகவியல் படிக்கும் ஒரு பையன் சமையலுக்கு அளவு போட்டுத் தருகிறேன் என்று கைப்பேசியில் அட்டவணை தயாரித்து வைத்திருந்தான். அண்டாவைப் பார்த்துக்கொள்ளும் பெரியம்மா அதை மரியாதையாகக் கேட்டுவிட்டு, ‘வெயில் ஏறினா சோறு குறையும், மோரு கூடும். அது இதுல எங்க இருக்கு?’ என்றார். பையன் உடனே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தான். மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை.

பாகான் செராய் அண்ணன் மறுபடி எழுதியிருந்தார்: ‘நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பல்கலைக்கழகப் படிப்பே தேவையில்லை என்பது போல இருக்கிறது.’ அப்படி நான் சொல்லவில்லை அண்ணே. அந்தப் பெரியம்மாவுக்குத் தெரிந்ததை அட்டவணையில் ஏற்ற அட்டவணை தெரிந்த ஒருவன் வேண்டுமே. அடுத்த வருஷம் அந்தக் கணக்கு பந்தல் குழுவிடம் எழுத்தில் இருக்கும்.

பிப்ரவரி 15

ஈப்போ வாசகர் ஒருவர், ‘இந்தச் சேவை மோகம் இப்போதைய பிள்ளைகளின் பேஷன், எங்கள் காலத்தில் போனோம், படித்தோம், வந்தோம்’ என்கிறார். ஐயா, கோபிக்காதீர்கள். நம் ஆட்களுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உள்ள தொடர்பே கொடுக்கல் வாங்கலில் ஆரம்பித்ததுதான். மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்த காலம் அது. அங்கே 1956இல் இந்தியவியல் துறை வந்தபோது தமிழ் நூல்கள் வாங்க ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டினார்கள். தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி முன்னால் நின்றார். கொடுத்தவர்களில் நம்மைப் போன்ற கூலிக்காரர்கள் நிறைய. பல்கலைக்கழக வாசலைப் பார்த்திராத ஆட்கள் அதன் நூலகத்துக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

அது திரும்பி வந்த வழிகளும் உண்டு. 1979இல் கல்வி, சமூகநல, ஆய்வு அறவாரியத்தைப் பட்டதாரிகள் தொடங்கினார்கள். இ.டபிள்யூ.ஆர்.எப். என்றால் பலருக்குத் தெரியும். 1982இல் ஸ்ரீ முருகன் நிலையம் வந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு போதித்த டாக்டர் தம்பிராஜா தம் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு அதை ஆரம்பித்தார். தொண்ணூறுகளில் தொடங்கியது என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார், 1982தான் சரி. பல்கலைக்கழக மாணவர்கள் வார இறுதியில் வந்து எஸ்பிஎம், எஸ்டிபிஎம் (ஐந்தாம், ஆறாம் படிவத் தேர்வு) எழுதும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அப்படி ஒரு வகுப்பில் உட்கார்ந்துதான் நான் பல்கலைக்கழகம் என்பது நடந்து போகக்கூடிய இடம் என்று நம்பினேன். வகுப்பெடுத்த அண்ணன் ரப்பர் செருப்போடு வருவார். அவரும் எங்களைப் போலவே லயத்து வீட்டிலிருந்து போனவர். கூடுதல் கணிதத்தை விட அந்தச் செருப்புதான் எனக்கு நம்பிக்கை கொடுத்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஆக, உங்கள் காலத்திலும் இருந்தது ஐயா. உங்கள் பக்கம் வராமல் போயிருக்கலாம்.

பிப்ரவரி 23

இனி எனக்குப் பிடிக்காததையும் சொல்லியாக வேண்டும். பாகான் செராய் அண்ணனின் பயத்தில் நியாயம் இருக்கும் இடம் இதுதான்.

தூரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஒரு முறை பேருந்தில் ஒரு குழு வந்தது. எல்லாருக்கும் ஒரே நிறச் சட்டை, பெரிய பதாகை, பொட்டலச் சோறு. பிள்ளைகளை வரிசையில் உட்கார வைத்து எப்படிக் கை கழுவுவது என்று பாட்டோடு செய்து காட்டினார்கள். நல்ல பிள்ளைகள், முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி. ஆனால் லயத்துக் குழாயில் பல நாளாகத் தண்ணீர் இல்லை. அன்று காலையில்தான் பெண்கள் லாரித் தண்ணீருக்கு வாளியோடு நின்றார்கள். வந்தவர்களில் ஒருவர்கூடக் குழாயைத் திறந்து பார்க்கவில்லை. வருவதற்கு முன்னால் ஒருவர்கூட அங்கே யாரையும் கேட்கவில்லை. சாயங்காலம் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். போன பிறகு ஒரு சின்னப் பெண் என்னிடம் வந்து, ‘டீச்சர், அவங்க ஊர்ல நமக்குத் தண்ணி இல்லைன்னு தெரியாதா?’ என்று கேட்டாள். எனக்கு நெஞ்சு அடைத்தது.

இன்னொரு குழுவில் பொறியியல் படிக்கும் மாணவி ஒருத்தி. முதல் நாள் அவள் பாடமே எடுக்கவில்லை, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று குழாய் வழியாகவே நடந்து போய்ப் பார்த்தாள். மறு வாரம் தொட்டி, பம்பு, குழாய் எல்லாவற்றையும் வரைந்து கொண்டுவந்தாள். தொழிலாளர் வீட்டுக்குக் குடிதண்ணீர் தருவது முதலாளியின் பொறுப்பு, அதற்கு 446ஆம் சட்டம் 1990இலிருந்தே இருக்கிறது என்பதை அவளோடு சேர்ந்துதான் நாங்கள் தெரிந்துகொண்டோம். பெண்கள் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்கள், அவள் வரைந்த படமும் அதோடு போயிற்று. தண்ணீர் வந்தது. மனுவில் அவள் பெயர் கிடையாது. வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள்.

பிப்ரவரி 23, பின்னிரவு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். மதிப்பெண்ணுக்காக வரும் பிள்ளைகளை நான் ஒதுக்குகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2019 முதல் சூலாம் என்ற பெயரில் சேவைவழிக் கற்றலைப் பாடத்தோடு சேர்த்து நடத்தும்படி உயர்கல்வித் தரப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். பாடத்தோடு சேர்வது நல்லதுதான். ஏழைப் பிள்ளை பகுதிநேர வேலையை விட்டுவிட்டுச் சேவைக்கு வர முடியாது, பாடத்திலேயே இருந்தால் அவனும் வரலாம். எனக்கு வேண்டியது ஒன்றுதான்: அந்த விரிவுரையாளர் ஒரே ஊரோடு சில வருஷமாவது ஒட்டியிருக்க வேண்டும். மாணவர் மாறினாலும் அவர் மாறக் கூடாது. போன வருஷம் வந்த குழு சொன்னது என்ன ஆயிற்று என்று ஊரார் அவரைக் கேட்க முடிய வேண்டும்.

மார்ச் 8

இன்று நடந்ததை எழுதாமல் தூங்க முடியாது.

பிப்ரவரி முதல் தேதியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). வானொலியில் சொன்னார்கள், தோட்டம் முழுக்க அதே பேச்சு. நேற்றோடு பிப்ரவரிச் சம்பளம் கொடுத்து முடித்துவிட்டார்கள். இன்று காலை ஒரு பெரியம்மா சம்பளச் சிட்டையோடு கொட்டகைக்கு வந்தார். மொத்தம் 1,569 வெள்ளிச் சொச்சம். ‘ஆயிரத்து எழுநூறுன்னாங்களே, என் காசு எங்க?’ வேலைக்குப் போகாத நாள் ஒன்றும் இல்லை.

கணக்கியல் படிக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். (இல்லை அண்ணே, உங்கள் மகள் இல்லை. இவள் தெலுக் இந்தான்.) ஏமாற்றியிருக்கிறார்கள் என்று அவளுக்கு உடனே கோபம் வந்தது. நான் பேசாமல் இருந்தேன். சிட்டையை வாங்கிப் பார்த்தாள். நாள் கூலி 65.38 வெள்ளி, 24 நாள். எதற்கு இந்த 38 காசு என்று யோசித்துக்கொண்டே தாளை எடுத்தாள். 1,700ஐ 12 மாதத்தால் பெருக்கினாள், 52 வாரத்தால் வகுத்தாள், வாரத்துக்கு 6 நாள் என்று மறுபடி வகுத்தாள். 65.38 வந்தது. அரசாங்க ஆணையிலேயே நாள் கூலிக்காரருக்கு அந்தத் தொகைதான். பிப்ரவரியில் ஞாயிறு போக 24 நாள்தான். 26 நாள் வரும் மாதத்தில் ஏறக்குறைய 1,700 வரும், 27 நாள் வந்தால் கூடும்.

விடை கிடைத்துவிட்டது. ஆனால் அதைப் பெரியம்மாவிடம் சொல்ல வேண்டுமே! 52 வாரம் என்று ஆரம்பித்தாள், அவர் முகம் மாறவில்லை. நிறுத்தினாள். சுவரில் தொங்கிய நாள்காட்டியைக் கழற்றிக் கொண்டுவந்து தரையில் விரித்து, மாதம் மாதமாகப் புரட்டி வேலை நாளைப் பெரியம்மாவையே எண்ண வைத்தாள். மார்ச்சில் 26 என்று எண்ணி முடித்ததும் பெரியம்மா, ‘அப்ப பிப்ரவரி மாசம் எப்பவும் என்னைக் கடிக்கும்’ என்றார். சரியாக அதுதான் விஷயம்.

பிறகு மற்ற வரிகளையும் பார்த்தார்கள். ஈபிஎஃப், அதாவது ஊழியர் சேமநிதிக்குத் தொழிலாளி பங்கு 11 விழுக்காடு, முதலாளி 13. சொக்சோ (சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி) தனி. ஈபிஎஃப் கணக்கைக் கைப்பேசியில் திறந்து பார்த்தபோது பழைய வருஷங்களில் சில மாதங்கள் வெறுமையாக இருந்தன. அது ஏன் என்று இப்போது யாருக்கும் தெரியாது. பழைய சிட்டைகள் தகர டப்பாவில் இருக்கின்றனவாம். அடுத்த சனிக்கிழமை டப்பா வருகிறது. அந்தப் பெண்ணும் வருகிறாள்.

மார்ச் 9

‘அந்தச் சிட்டையைப் பார்க்க ஒரு கிராணி (எழுத்தர்) போதுமே, பல்கலைக்கழக மாணவி எதற்கு’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கிராணி பார்க்கலாம், பெரியம்மாவுக்கு உதவி கிடைத்துவிடும். ஆனால் இந்தப் பெண் நாலு வருஷத்தில் தணிக்கையாளராகப் போகிறவள். சம்பளப் பட்டியல் என்றால் கணினியில் நீளும் எண்கள் என்று இருந்தவளுக்கு இனி ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஓர் ஆள் தெரிவார். அவள் எங்கே வேலைக்குப் போனாலும் அது கூடப் போகும்.

மார்ச் 22

பேச்சு கொஞ்சம் விலகட்டும். விவசாய அறிவியல் படிக்கும் பையன் ஒருவன் வருகிறான். மாசாய்ப் பக்கத்துப் பட்டணத்துப் பையன், செம்பனை என்ற எண்ணெய்ப்பனையைப் படத்தில்தான் பார்த்திருக்கிறான். கனோடெர்மா என்ற பூஞ்சையைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறான். அடித்தண்டை அழுக வைத்துச் செம்பனையைச் சாய்க்கிறதே, அதுதான். குலை வெட்டும் மாமா ஒருவர் அவனைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் போனார். நடுக் குருத்து விரியாமல் இரண்டு மூன்று ஈட்டி மாதிரி நின்றால் சந்தேகப்படு, கீழ் மட்டை பாவாடை மாதிரித் தொங்கினால் சந்தேகப்படு, அடியில் காளான் வந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம் என்றார். கத்திப் பிடியால் தண்டைத் தட்டி உள்ளே பொந்து இருக்கிறதா என்று சத்தத்தில் கேட்கவும் காட்டிக் கொடுத்தார். பையன் சொன்னான், முதல் இரண்டும் பாடத்தில் இருந்தனவாம், ஆனால் மரத்தைப் பார்த்துச் சொல்லத் தெரியவில்லையாம்.

அந்த மாமா ஆறாம் வகுப்பு. அன்று அவர் வீடு திரும்பிய நடை இருக்கிறதே! அவர் மகன் மூன்றாம் படிவம், படிப்பில் சுரத்தில்லாதவன். அப்பாவிடம் பல்கலைக்கழக அண்ணன் நோட்டுப் புத்தகத்தோடு நிற்பதைப் பார்த்தான். அடுத்த வாரம் அவனும் வகுப்புக்கு வந்தான்.

வந்தவன் கேட்ட கேள்வியையும் சொல்கிறேன். எங்கள் கொட்டகையில் முதல் ஒரு மணி நேரம் யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. பல்கலைக்கழகப் பிள்ளைகளும் தங்கள் பாடத்தைக் கொண்டுவந்து அதே மேசையில் உட்கார்ந்து படிக்க வேண்டும். பையன் பார்த்துவிட்டு, ‘அண்ணே, இவ்ளோ பெரிய ஆளாயிட்டீங்க, இன்னும் வீட்டுப்பாடம் முடியலையா?’ என்றான். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அந்த அண்ணன் மட்டும் சிரிக்காமல், ‘இன்னும் முடியலடா, வா, நீயும் உட்காரு’ என்றான்.

ஏப்ரல் 5

ஒரு தாயார் தனியாக எழுதிக் கேட்டார்: சம்பளம், மனு என்று போனால் பிள்ளை அரசியலில் மாட்டிக்கொள்ளாதா? இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் ஊரில் அதற்கு வேர் ஆழம்.

1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்துதான் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் வந்தது. தொழிற்சங்கம் என்று வாய் திறக்கவே ஆட்கள் பயந்த காலம். லயத்தைச் சுற்றிக் கம்பி வேலி, அரிசிக்கு அளவு, வெளியே போனால் சோதனை. சங்கம் என்று யாராவது சொன்னால் என் தாத்தா சாகும் வரை குரலைத் தாழ்த்திக்கொள்வார். வரலாறு படிக்கும் மாணவர்கள் வந்தால் நான் முதலில் அவர் வயதுக்காரர்களிடம்தான் அனுப்புகிறேன். ஆண்டும் தேதியும் நூலகத்தில் கிடைக்கும். அந்தக் குரல் எப்படித் தாழ்ந்தது என்பதை இந்த ஊரில் உட்கார்ந்துதான் கேட்க வேண்டும்.

மாணவர் பக்கமும் ஒரு கதை உண்டு. 1974இல் ரப்பர் விலை விழுந்து கெடா பாலிங்கில் சிறுதோட்டக்காரர்கள் பசியில் தெருவுக்கு வந்தார்கள். அவர்களுக்காகக் கோலாலம்பூரில் டிசம்பர் 3ஆம் தேதி மாணவர்கள் திரண்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். அடுத்த வருஷமே பல்கலைக்கழக, பல்கலைக்கழகக் கல்லூரிச் சட்டம் இறுக்கப்பட்டது. ‘படிக்கப் போனால் படி’ என்று நம் வீடுகளில் சொல்லும் வார்த்தைக்குப் பின்னால் இந்தச் சட்டத்தின் பயமும் இருக்கிறது. 2012இல் கட்சியில் சேரத் தடை நீங்கியது. 2018 டிசம்பரில் வளாகத்துக்குள் அரசியல் நடவடிக்கைக்கு இருந்த தடையையும் நாடாளுமன்றம் எடுத்தது.

ஆகவே அம்மா, உங்கள் பிள்ளை சம்பளச் சிட்டை படித்துக் கொடுப்பது குற்றம் ஆகாது. அரசாங்கமே போட்ட ஆணையைத்தான் அவள் படித்துக் காட்டுகிறாள். நாங்கள் கொட்டகைக்குள் எந்தக் கட்சிக் கொடியையும் விடுவதில்லை, தேர்தல் காலத்தில் யார் கேட்டாலும் சாவி கொடுப்பதில்லை. ஆனால் சம்பளம், வீடு, தண்ணீர் பற்றிப் பேசாதே என்று பிள்ளைகளைத் தடுக்கவும் மாட்டேன். அவர்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள் அந்தச் சம்பளத்தில்தான் சாப்பிடுகிறார்கள்.

ஏப்ரல் 6

மருந்து அடிக்கும் பெண்கள் பற்றி ஒருவர் நினைவுபடுத்தினார், நன்றி. பாராகுவாட் களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் இங்கே தடை. அதற்கு முன் எத்தனை வருஷம் நம் பெண்கள் அதை முதுகில் சுமந்து அடித்தார்கள். என் அம்மாவின் நகங்கள் எனக்குத் தெரியும். மருந்தியல் படிக்கும் பிள்ளைகள் வந்தால் ஓய்வு பெற்ற பெண்களிடம் தோல், கண், மூச்சு பற்றிக் கேட்டு எழுதச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. ஆனால் கேட்டு எழுதியதை அந்தப் பெண்களிடமே திருப்பிப் படித்துக் காட்ட வேண்டும். இது இருந்தால்தான் அனுமதிப்பேன்.

ஏப்ரல் 12

பாகான் செராய் அண்ணன் இன்று கேட்டது மிக நியாயமான கேள்வி, இதை நான் முன்பே எழுதியிருக்கலாம்: பெண் பிள்ளை எப்படிப் போகிறாள், எப்படி வருகிறாள்?

எங்கள் ஏற்பாடு இது. கம்பார், ஈப்போ பக்கத்திலிருந்து வருகிறவர்கள் இடிஎஸ் ரயிலில் சுங்கை சிப்புட் ஸ்டேஷனில் இறங்குகிறார்கள், அங்கிருந்து எங்கள் ஆட்கள் காரில் அழைத்துப் போகிறார்கள். தோட்டத்துக்குள் மோட்டார் சைக்கிளில் தனியாக வர விடுவதில்லை. செம்பனைக் காட்டுச் சாலையில் விளக்கு கிடையாது, மழை என்றால் லாரித் தடம் வழுக்கும். ஐந்து மணிக்குக் கொட்டகை பூட்டப்படும். பெற்றோர் எண் எங்களிடம் இருக்கும், எங்கள் எண் பெற்றோரிடம் இருக்கும். மகள் போகும் இடத்தில் இந்த ஏற்பாடு இல்லை என்றால் சண்டை போடுங்கள் அண்ணே, நானே உங்கள் பக்கம் நிற்பேன்.

பாயிண்டரையும் நான் அலட்சியம் செய்யவில்லை. பிடிபிடிஎன் உயர்கல்விக் கடன் நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு பாரம் என்று தெரியும். முதல் வகுப்பில் தேறினால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, கடனைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்குக் கேட்கலாம், அது பெரிய தொகை. அதனால் தேர்வுக்கு முந்தைய வாரங்களில் வராதே என்று நாங்களே சொல்லிவிடுகிறோம். பிள்ளைகளிடமும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்: அக்காவுக்குப் பரீட்சை, இன்ன தேதியில் திரும்பி வருவாள். சொல்லாமல் நின்றுவிடுவதுதான் அவர்களை வலிக்க வைக்கும். அதற்குப் பழகிய பிள்ளைகள் அவர்கள்.

இன்னொன்றும் தோன்றுகிறது. பாயிண்டர் இறங்கியதற்குச் சனிக்கிழமைதான் காரணமா? அவளிடம் எந்தப் பாடம் என்று கேட்டுப் பாருங்கள். இரண்டாம் ஆண்டில் கணக்கியல் எல்லாருக்குமே கடினமாகும்.

ஏப்ரல் 13

தகர டப்பா பற்றிக் கேட்டவர்களுக்கு: வந்தது. சிட்டைகள் பாதி கரையான் தின்றவை. மீதியை அந்தப் பெண்ணும் மற்ற இருவரும் வருஷ வாரியாக அடுக்கிப் படம் எடுத்து, ஈபிஎஃப் கணக்கில் வெறுமையாக இருக்கும் மாதங்களோடு ஒப்பிட்டார்கள். சில மாதங்களுக்குச் சிட்டையில் பிடித்தம் இருக்கிறது, கணக்கில் இல்லை. ஈபிஎஃப் அலுவலகத்துக்குக் கொடுக்கக் கடிதம் தயாராகிறது. பெரியம்மா கையெழுத்துப் போடப் பழகிக்கொண்டிருக்கிறார். இதுவரை கைநாட்டுதான். தம் பெயரை அவரே எழுத வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார், அதனால் கடிதம் ஒரு வாரம் தள்ளிப் போகிறது. போகட்டும்.

ஏப்ரல் 19

குளுவாங்கிலிருந்து ஒரு மாணவர் கேட்கிறார்: எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் இப்படி ஒன்று ஆரம்பிக்க வேண்டும், எங்கிருந்து தொடங்குவது?

தம்பி, பாடத்திட்டம் தயாரிக்காதே. சட்டை அடிக்காதே. முதலில் அங்கே இருக்கும் ஒரு பெரியவரையோ ஆயாவையோ கோயில் தலைவரையோ போய்ப் பார். கொண்டுபோகிற பட்டியலைப் பையிலேயே வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு எந்த நேரம் சரிப்படும் என்று மட்டும் கேள். பல தோட்டங்களில் இப்போது நம் ஆட்கள் குறைவு, வெளிநாட்டுத் தொழிலாளர்கள் அதிகம். நம் குடும்பங்கள் டவுன் ஓரத்து மலிவு விலை அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டன. தோட்டத்தில் ஆள் இல்லை என்றால் அங்கே போ, பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள். நிர்வாகத்திடம் இடத்துக்கு எழுத்தில் அனுமதி வாங்கு. இரண்டு பேரோடு ஆரம்பி, ஆனால் நீ படித்து முடித்துப் போன பிறகு சாவி யாரிடம் இருக்கும் என்பதை முதல் மாதத்திலேயே முடிவு செய். அந்த ஆள் உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும்.

எங்களுக்கும் ஆள் தேவை. கூடுதல் கணிதமும் வேதியியலும் சொல்லித் தர மே மாதத்திலிருந்து இரண்டு பேர் வேண்டும். மலாயில் கடிதம் எழுதத் தெரிந்தவர் ஒருவர் வந்தால் இன்னும் நல்லது. மாதம் இரண்டு சனிக்கிழமையாவது, குறைந்தது ஒரு வருஷம் வர முடிகிறவர்கள் மட்டும் எழுதுங்கள். மத்தியானச் சாப்பாடு உண்டு.